யெவ்கேனி ம்ராவின்ஸ்கி: ஒரே இசைக்குழுவுடன் 50 ஆண்டுகள்

நெவாக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சோவியத் கால இசை நடத்துநர்களைப் பற்றி இங்கே இதுவரை துண்டு துண்டாகவே பேசி வந்திருக்கிறோம். இந்த இழையை யெவ்கேனி ம்ராவின்ஸ்கி ஒருவருக்கென்றே ஒதுக்க விரும்புகிறேன். அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, 'சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் சிம்பொனிகளை அரங்கேற்றியவர்' என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். அது உண்மைதான். ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு ஆகிய ஆறு சிம்பொனிகள் அவர் கையால்தான் முதன்முதலில் மேடையேறின. எட்டாவது அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. ஆனாலும் அவருடைய தொழில்வாழ்வை ஒத்திகை அறையிலிருந்து பார்த்தால்தான் சரியாகப் புரிந்துகொள்ள முடியும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

1903 ஜூன் 4ஆம் தேதி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வசதியும் மரபும் உள்ள குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். அவருடைய அத்தை யெவ்கேனியா ம்ராவினா, மரீன்ஸ்கி அரங்கில் புகழ்பெற்ற சொப்ரானோ பாடகி. புரட்சிக்காரர் அலெக்சாண்ட்ரா கொல்லந்தாய், தந்தைவழிப் பாட்டியின் இரண்டாம் மணத்தில் பிறந்தவர். அவ்வகையில் அவரும் அத்தை முறைதான். 1918இல் தந்தை இறந்தபின் குடும்பம் நொடித்துப்போக, பள்ளிப் பருவம் தாண்டாத பையன் மரீன்ஸ்கி மேடையில் வசனமில்லாத துணைவேடங்களில் நின்று பிழைத்தான். பிறகு பாலே பள்ளியில் நடன ஒத்திகைகளுக்குப் பியானோ வாசித்தார். பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படிக்கத் தொடங்கி, அதைக் கைவிட்டு, 1924இல் லெனின்கிராட் (செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் சோவியத் காலப் பெயர்) இசைக் கல்லூரியில் சேர்ந்து, நிக்கோலாய் மால்கோவிடமும் அலெக்சாண்டர் கௌக்கிடமும் இசை நடத்துதலைக் கற்று 1931இல் வெளிவந்தார். அடுத்த ஆண்டிலிருந்து 1938 வரை பாலே நடத்துநர். பின்னாளில் அவரிடம் எல்லோரும் வியந்த அந்தத் தாளக் கட்டுப்பாட்டுக்கு விதை இந்தப் பாலே ஆண்டுகளில் விழுந்தது என்றே நம்புகிறேன். மேடையில் ஒருவர் காற்றில் எழும்பியிருக்கும் நேரத்தில் நடத்துநர் தன் விருப்பம்போல் காலப்பிரமாணத்தை இழுக்கவோ முடுக்கவோ முடியாது.

1937 நவம்பர் 21 அன்று ஷோஸ்தகோவிச்சின் ஐந்தாம் சிம்பொனியை அரங்கேற்றும் பொறுப்பு இந்த 34 வயது பாலே நடத்துநரிடம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி கம்யூனிஸ்ட் கட்சியின் 'பிராவ்தா' நாளேடு ஷோஸ்தகோவிச்சின் ஓபராவைக் கடுமையாகத் தாக்கியிருந்தது. டிசம்பரில் நான்காம் சிம்பொனியை ஒத்திகைக்குப் பிறகு அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். இன்னொரு முறை சறுக்கினால் இசைத் தொழில் மட்டும் போகும் என்ற நிலைமை அல்ல அது. அந்த ஒத்திகைகளில் ம்ராவின்ஸ்கி ஒவ்வொரு அளவுக் கட்டத்தையும் (bar) பற்றிக் கேள்வி கேட்டுத் துளைத்தார் என்றும், சிறு விவரங்களில் இவ்வளவு மூழ்கினால் முழுமை கெட்டுவிடுமே என்று முதலில் தாம் கலங்கியதாகவும், போகப் போக அந்த முறையே சரி என்று உணர்ந்ததாகவும் ஷோஸ்தகோவிச்சே எழுதியிருக்கிறார். ம்ராவின்ஸ்கி ஒரு உபாயமும் கையாண்டார். பியானோவில் வேண்டுமென்றே தவறான வேகத்தில் வாசிப்பார்; பொறுக்கமாட்டாமல் இசையமைப்பாளர் குறுக்கிட்டுச் சரியான வேகத்தைக் காட்டுவார்; அதை உடனே குறித்துக்கொள்வார். அரங்கேற்றத்தன்று கைதட்டல் அரை மணி நேரத்துக்கு மேல் ஓயவில்லை என்று அங்கே இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்போது ம்ராவின்ஸ்கி இசைக்குறிப்பு ஏட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

1938இல் மாஸ்கோவில் நடந்த முதல் அனைத்து ஒன்றிய நடத்துநர் போட்டியில் முதல் பரிசு பெற்றார். அதே ஆண்டு லெனின்கிராட் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் தலைமை நடத்துநரானார். 1988 ஜனவரி 19 அன்று இறக்கும்வரை அந்தப் பொறுப்பில்தான் இருந்தார். இந்த ஐம்பதாண்டுப் பிணைப்பால் இசைக்கு என்ன கிடைத்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை நண்பர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இரண்டாம் வயலின்

நெவாக்கரை ஐயா, நல்ல தொடக்கம். மாணவர் இசைக்குழு ஒன்றில் நெடுங்காலம் இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்து வாசித்தவன் என்ற முறையில், ம்ராவின்ஸ்கியின் இருக்கை அமைப்பைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

இன்று பெரும்பாலான இசைக்குழுக்களில் முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் நடத்துநரின் இடப்பக்கத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். ம்ராவின்ஸ்கி முதல் வயலின்களை இடப்பக்கமும் இரண்டாம் வயலின்களை அவற்றுக்கு நேர் எதிரே வலப்பக்கமும் உட்கார வைத்தார். பழைய ஐரோப்பிய வழக்கம் அது. பலர் கைவிட்ட பிறகும் அவர் விடவில்லை. இதன் பயனை உணர்வதற்கு ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியின் இறுதிப் பகுதி ஒன்றே போதும். அதன் தொடக்கத்தில் மேலிருந்து கீழிறங்கும் அழுகை போன்ற ஒரு மெட்டு நம் காதில் விழுகிறது. ஆனால் ஸ்கோரை (முழு இசைக்குறிப்பு ஏட்டை)த் திறந்து பார்த்தால் அந்த மெட்டு யாருடைய தாளிலும் இருக்காது. முதல் ஸ்வரம் ஒரு வயலின் பிரிவுக்கு, அடுத்த ஸ்வரம் மற்றப் பிரிவுக்கு என்று சைகோவ்ஸ்கி மாற்றி மாற்றிப் பங்கிட்டிருக்கிறார். தனித்தனியே வாசித்தால் இரண்டு பிரிவுகளுக்கும் தாறுமாறாகத் தாவும் ஸ்வரங்கள்தான் மிஞ்சும். இரண்டு பிரிவும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இந்தப் பங்கீடு கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒரே மெட்டு மேடையின் இரு ஓரங்களுக்கிடையே அலைபாய்வது கேட்கும். பின்னர் அதே மெட்டு திரும்பி வரும்போது முழுவதும் முதல் வயலின்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. அந்த மாற்றமும் இந்த இருக்கையில்தான் உறைக்கும்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். லெனின்கிராட் பில்ஹார்மோனிக்கின் பெரிய அரங்கம் முன்பு பிரபுக்கள் மன்றமாக இருந்தது. வெள்ளைத் தூண்களும் படிகச் சரவிளக்குகளும் கொண்ட அதே அரங்கில்தான் 1893 அக்டோபர் 28 அன்று சைகோவ்ஸ்கி இந்த ஆறாம் சிம்பொனியைத் தாமே நடத்தி அரங்கேற்றினார். ஒன்பது நாட்களில் இறந்தும்போனார். ம்ராவின்ஸ்கி இந்த இசையை நடத்தியது அது பிறந்த கூரையின் கீழ்.

ஒத்திகை பற்றி: நூறு முறைக்கு மேல் வாசித்துப் பழகிய சைகோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனியைக்கூட ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னும் புதிய படைப்பைப் போல முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, பல நாள் ஒத்திகை வைப்பது அவர் வழக்கம். இசைக்கலைஞர்கள் களைத்திருப்பார்கள், எரிச்சலும் பட்டிருப்பார்கள். எனினும் அறுபது தந்திக் கருவிகள் ஒருவர் மூச்சைப் போல ஒலி தாழ்த்துவதை வேறு எந்தக் குழுவிடமும் அந்த அளவுக்கு நான் கேட்டதில்லை.

கரிசல் வாசகன்

நான் இந்த இசைக்குப் புதியவன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகள் நடத்திய லெனின்கிராட் முற்றுகையைப் பற்றி நாவல்களின் வழியாக அறிந்தவன். முற்றுகையின்போது பட்டினியால் வாடிய கலைஞர்களைக் கொண்டு ஷோஸ்தகோவிச்சின் ஏழாம் சிம்பொனியை நடத்தியவர் ம்ராவின்ஸ்கிதான் என்று ஓரிடத்தில் படித்தேன். நெவாக்கரை ஐயா தந்த பட்டியலில் ஏழாவது இல்லையே? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

நெவாக்கரை

கரிசல் வாசகன் தம்பி, அந்தப் பெருமை கார்ல் எலியாஸ்பெர்குக்கும் லெனின்கிராட் வானொலி இசைக்குழுவுக்கும் உரியது. பலரும் இந்த இரண்டு பெயர்களையும் குழப்பிக்கொள்வதால் வரிசையாகவே எழுதிவிடுகிறேன்.

1941இல் போர் மூண்டதும் பில்ஹார்மோனிக் இசைக்குழு முழுவதையும் சைபீரியாவிலுள்ள நோவோசிபிர்ஸ்க் நகருக்கு அனுப்பிவிட்டார்கள். 1944 வரை அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஏழாம் சிம்பொனியை 1942 மார்ச் 5 அன்று குய்பிஷேவ் நகரில் போல்ஷாய் இசைக்குழுவைக் கொண்டு அரங்கேற்றியவர் சாமுயில் சமசூத். ம்ராவின்ஸ்கி அதை நோவோசிபிர்ஸ்கில் ஜூலை 9 அன்று நடத்தினார். ஷோஸ்தகோவிச் அங்கே நேரில் வந்திருந்தார். முற்றுகைக்குள்ளான லெனின்கிராடில் அது ஒலித்தது அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, 1942 ஆகஸ்ட் 9 அன்று. வானொலி இசைக்குழுவில் பலர் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே பட்டினியால் இறந்திருந்தார்கள். எஞ்சியவர்களுக்கு ஊதுகருவியை முழு நேரம் ஊதும் வலு இல்லை. ராணுவ வாத்தியக் குழுக்களிலிருந்து ஆட்களை வரவழைத்து, கூடுதல் ரேஷன் கொடுத்து, ஒத்திகையைச் சிறிது சிறிதாக நீட்டித்துத்தான் எலியாஸ்பெர்க் அந்த நெடிய சிம்பொனியை மேடையேற்றினார். நிகழ்ச்சி குண்டுவீச்சால் கலையக்கூடாது என்பதற்காகச் சோவியத் பீரங்கிகள் ஜெர்மன் நிலைகளை முன்கூட்டியே தாக்கின. ஒலிபெருக்கிகள் வழியே நகரமெங்கும் அந்த இசை சென்றது.

போருக்குப் பின் பில்ஹார்மோனிக் குழு ஊர் திரும்பியது. எலியாஸ்பெர்க் மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டார். 1964 ஜனவரி 27 அன்று, உயிரோடிருந்த பழைய கலைஞர்களைக் கூட்டி அவர் ஏழாம் சிம்பொனியை மீண்டும் நடத்தினார், ஷோஸ்தகோவிச்சும் வந்திருந்தார். எலியாஸ்பெர்கை மறந்தது ஓர் அநியாயம். அவர் பட்ட பாட்டின் புகழை ம்ராவின்ஸ்கியின் கணக்கில் எழுதுவது அதற்கு மேல் இன்னோர் அநியாயம். ம்ராவின்ஸ்கிக்கு அந்தக் கடன் தேவையே இல்லை.

நோவோசிபிர்ஸ்க் ஆண்டுகளையும் லேசாக நினைக்கக் கூடாது. அங்கே அவர்கள் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த குர்ட் சாண்டர்லிங் அங்கேதான் குழுவோடு இணைந்தார்; 1960இல் கிழக்கு பெர்லினுக்குப் போகும்வரை ம்ராவின்ஸ்கிக்கு அடுத்த நடத்துநராக இருந்தார். பில்ஹார்மோனிக்கின் கலை இயக்குநரும் ஷோஸ்தகோவிச்சின் உயிர் நண்பருமான இவான் சொல்லெர்தின்ஸ்கி 1944 பிப்ரவரியில் அந்த ஊரிலேயே காலமானார்.

எட்டாம் சிம்பொனியின் ஒத்திகையும் இந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். அது 1943 நவம்பர் 4 அன்று மாஸ்கோவில் அரங்கேறியது. முதல் பகுதியில் முழு இசைக்குழுவும் உச்சத்தில் முழங்கும் இடத்தில் இங்கிலீஷ் ஹார்ன் கருவியும் மேல்ஸ்தாயியில் ஊதவேண்டும். அடுத்து உடனே அந்தக் கருவிக்கு மட்டும் நீண்ட தனி வாசிப்பு வருகிறது. அதற்கு உதட்டின் வலுவைச் சேமித்து வைக்க நினைத்த கலைஞர், முழக்கத்தில் யார் காதிலும் விழாது என்று ஒரு ஸ்தாயி இறக்கி வாசித்துவிட்டார். நடத்துநருக்கே அது தெரியவில்லை. பின்னால் அரங்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஷோஸ்தகோவிச், இங்கிலீஷ் ஹார்ன் ஏன் ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கிறது என்று கேட்டாராம். திகைத்துப்போன குழு, மறுகணம் கைதட்டியது. தன் காதுக்கு எட்டாததை இசையமைப்பாளரின் காது பிடித்துவிட்டது என்பதைப் பிற்காலத்தில் பெருமையோடு சொன்னவர் ம்ராவின்ஸ்கிதான்.

பழைய இசைத்தட்டு

இழை சிறப்பாகப் போகிறது. ஆனால் 1962ஐத் தொடாமல் ம்ராவின்ஸ்கியைப் பற்றிப் பேசுவது முறையாகாது. கால் நூற்றாண்டாகத் தன் சிம்பொனிகளை நம்பி ஒப்படைத்த நண்பர் ஷோஸ்தகோவிச், தம் பதின்மூன்றாம் சிம்பொனியோடு வந்தபோது ம்ராவின்ஸ்கி விலகிக்கொண்டார். கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் நாஜிகளால் யூதர்கள் கொல்லப்பட்டதைப் பற்றியும், நாட்டுக்குள்ளேயே நிலவும் யூத வெறுப்பைப் பற்றியும் யெவ்துஷென்கோ எழுதிய கவிதைதான் அந்தச் சிம்பொனியின் முதல் பகுதி. அதைத் தொடுவதற்கு அரசியல் துணிவு வேண்டியிருந்தது.

அந்தத் துணிவைக் காட்டியவர் மாஸ்கோ பில்ஹார்மோனிக்கின் கிரில் கோண்ட்ராஷின். 25 ஆண்டுகளாக முடங்கிக் கிடந்த நான்காம் சிம்பொனியை 1961 டிசம்பர் 30 அன்று அரங்கேற்றியவரும் அவரே. 1962 டிசம்பர் 17 அன்று சோவியத் தலைவர் குருஷ்சேவ் கலைஞர்களைக் கூட்டிவைத்துக் கண்டித்தார். மறுநாள் மாலை நிகழ்ச்சி. பாடவேண்டிய பாஸ் (தாழ்ந்த ஆண்குரல்) பாடகர் கடைசி நேரத்தில் வரவில்லை. முன்யோசனையோடு தயார்படுத்தி வைத்திருந்த விட்டாலி க்ரொமாத்ஸ்கியை நிறுத்தி, கோண்ட்ராஷின் நடத்தி முடித்தார். ஷோஸ்தகோவிச்சின் எல்லாச் சிம்பொனிகளையும் முதன்முதலில் முழுமையாக ஒலிப்பதிவு செய்ததும் அவர்தான். 1978இல் நெதர்லாந்தில் தங்கிவிட்ட அவர், 1981இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார்.

ஒத்திகை அறையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நேர்மையாக இருந்த ஒருவர், தேவைப்பட்ட நாளில் நண்பர் பக்கம் நிற்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

மழைக்காலம்

இசைத்தட்டு ஐயாவின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஷோஸ்தகோவிச்சும் அந்த மறுப்பால் ஆழமாகப் புண்பட்டார். நட்பில் விழுந்த விரிசல் நெடுநாள் ஆறவில்லை. எனினும் காரணத்தை ஒரே சொல்லில் 'கோழைத்தனம்' என்று எழுதிவிட என்னால் முடியவில்லை.

ம்ராவின்ஸ்கியின் தரப்பில் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. பாடகர் குழு இடம்பெறும் படைப்புகளில் அவருக்கு நாட்டமில்லை என்பது ஒன்று. இது வலுவற்ற வாதம் என்பேன். ஷோஸ்தகோவிச்சின் 'காடுகளின் பாடல்' 1949இல் கோரஸ், சிறுவர் கோரஸ், தனிப்பாடகர்கள் சகிதம் அவர் நடத்தித்தான் அரங்கேறியது, அதுவும் ஸ்டாலினைப் போற்றும் வரிகளோடு. இரண்டாவது காரணம், அவருடைய மனைவி அப்போது கொடிய நோயில் கிடந்தார் என்பது. 1964இல் அவர் இறந்துவிட்டார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நாள்கணக்கில் ஒத்திகை வைத்தால்தான் மேடையேறுவேன் என்று வாழ்ந்த மனிதர், வீட்டில் அப்படியொரு நிலை இருக்கும்போது புதிய படைப்பொன்றை ஏற்க இயலாமல் போயிருக்கலாம். அரசியல் அச்சமும் சேர்ந்திருக்கலாம். மூன்றும் ஒரே மனத்தில் ஒரே நேரத்தில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவருடைய நிலையின் முரணையும் பார்க்கவேண்டும். பிரபு குலத்தில் பிறந்தவர். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவ நம்பிக்கையை விடாதவர். அதே அரசு 1946இல் ஸ்டாலின் பரிசும், 1954இல் சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர் பட்டமும், 1961இல் லெனின் பரிசும், 1973இல் சோஷலிச உழைப்பு வீரர் பட்டமும் அவருக்கு வழங்கியது. விருது கொடுக்கும் கைதான் பயண அனுமதியையும் கலைஞர்களின் வேலையையும் தீர்மானித்தது. நூறு பேரின் பிழைப்பு தன்னைச் சார்ந்திருக்கும்போது தலைமை நடத்துநரின் ஒவ்வொரு முடிவும் அவர் ஒருவருடையது மட்டுமல்ல.

பிரிவு முழுமையானதும் அல்ல. 1972 ஜனவரியில் இசையமைப்பாளரின் மகன் மக்சிம் மாஸ்கோவில் அரங்கேற்றிய பதினைந்தாம் சிம்பொனியை, அதே ஆண்டு மே மாதம் லெனின்கிராடில் நடத்தியவர் ம்ராவின்ஸ்கி. ஐந்தையும் எட்டையும் பத்தையும் அவர் கடைசிவரை விடவில்லை. ஷோஸ்தகோவிச் உள்ளிட்ட இசையமைப்பாளர்களைக் கண்டித்த 1948 கட்சித் தீர்மானத்துக்குப் பின் ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாதிருந்த எட்டாம் சிம்பொனியை 1960இல் லண்டன்வரை கொண்டுபோய் வாசித்ததும் அவர்தான். கோண்ட்ராஷினின் துணிவை மெச்சுவோம், தவறில்லை. ஆனால் ஒரு மறுப்பைக் கொண்டு 35 ஆண்டு உறவை எடைபோடுவது எனக்கு உடன்பாடில்லை.

பழைய இசைத்தட்டு

மழைக்காலம் அம்மா, 'காடுகளின் பாடல்' பற்றிய குறிப்பு என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது என்று நான் எடுத்துக்கொள்ளலாம். அரசு விரும்பிய கோரஸ் படைப்பை ஏற்றார், விரும்பாததை ஏற்கவில்லை. ஆனால் மனைவியின் நோயைப் பற்றிய பகுதியை நான் இவ்வளவு கனமாக எண்ணிப் பார்த்ததில்லை. அது சிந்திக்கவேண்டிய செய்தி.

இரண்டாம் வயலின்

ஷோஸ்தகோவிச்சின் ஐந்தாம் சிம்பொனியின் முடிவைப் பற்றி இங்கே கேட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அமெரிக்க நடத்துநர் பெர்ன்ஸ்டைன் 1959இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்குடன் பதிந்ததில் இறுதிப் பக்கங்கள் பாய்ச்சலாக ஓடுகின்றன. ம்ராவின்ஸ்கியின் எந்தப் பதிவை எடுத்தாலும் அதே இடம் அதில் ஏறக்குறைய பாதி வேகத்தில், கனத்த அடியெடுத்து வருகிறது. இரண்டில் எது சரி?

நெவாக்கரை

பழைய விவாதம் இது. அச்சான ஸ்கோர்களிலேயே இரண்டு விதமான வேகக் குறிப்புகள் உலவுகின்றன: நிமிடத்துக்குக் காலிசை (quarter note) 188 என்று ஒரு பதிப்பு, அதில் பாதி நீளமுள்ள அரைக்காலிசை 184 என்று இன்னொன்று. முன்னதை ஏற்றால் பெர்ன்ஸ்டைனின் பாய்ச்சல், பின்னதை ஏற்றால் ம்ராவின்ஸ்கியின் கனம். ஷோஸ்தகோவிச் பெர்ன்ஸ்டைனின் வாசிப்பை மாஸ்கோவில் நேரில் கேட்டுப் பாராட்டினார் என்பதும் உண்மை. ஆனாலும் ஒவ்வொரு வேகத்தையும் இசையமைப்பாளரிடமே கேட்டு வாங்கிய அரங்கேற்ற ஒத்திகையின் மரபு ம்ராவின்ஸ்கியிடம்தான் இருக்கிறது.

ஷோஸ்தகோவிச் சொன்னவை என்று சாலமன் வோல்கோவ் 1979இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில், தன் இசையின் தலைசிறந்த விளக்கக்காரர் என்று எண்ணிக்கொள்பவருக்கே இந்த முடிவிலுள்ள கட்டாய மகிழ்ச்சி புரியவில்லை என்று ஷோஸ்தகோவிச் குறைப்பட்டதாக வருகிறது. அந்த நூலின் நம்பகத்தன்மை இன்றுவரை சர்ச்சைக்குரியது. அதை வைத்து ம்ராவின்ஸ்கிக்குத் தீர்ப்பெழுத நான் தயாரில்லை. புத்தகத்தை மூடிவிட்டு இசையையே கேட்டுப் பாருங்கள். பித்தளைக் கருவிகள் டி மேஜரில் வெற்றி முழக்கம் செய்யும்போது, வயலின்களும் மரக்குழல்களும் 'ஏ' என்ற ஒரே ஸ்வரத்தை விடாமல், நிறுத்தாமல், அளவுக் கட்டம் மாறி மாறி வந்தாலும் மாறாமல் அடித்துக்கொண்டே இருக்கின்றன. வேகமாக வாசித்தால் அது மினுமினுப்பாகக் கடந்து போய்விடும். ம்ராவின்ஸ்கியின் வேகத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியே விழுகிறது, ஆணி அறைவதைப் போல. இதைக் கேட்டபின், அவருக்கு இந்த முடிவு புரியவில்லை என்று சொல்ல எனக்கு நா எழாது.

மழைக்காலம்

முற்றிலும் உடன்படுகிறேன்.

இப்போது ஐம்பது ஆண்டுகளுக்குக் கொடுத்த விலையைப் பற்றி. அவருடைய நிகழ்ச்சிநிரல் வரவரச் சுருங்கியது. 1965 பிப்ரவரியில் மாஸ்கோவில் பதிவான நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: பார்த்தோக், ஹிண்டெமித், ஹோனெக்கர், ஸ்ட்ராவின்ஸ்கி, தெபுஸ்ஸி, சிபேலியஸ். சோவியத் மேடையில் அந்த நாளில் அது மிகத் துணிவான தேர்வு. க்ளிங்காவின் 'ருஸ்லானும் லுத்மிலாவும்' முன்னிசையை யாரும் எட்டமுடியாத வேகத்தில், ஒரு ஸ்வரம்கூட மங்காமல் வாசித்ததும் அந்த ஆண்டுதான். எழுபதுகளுக்குப் பிறகு புதிய படைப்புகள் அரிதாகிவிட்டன. நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. அன்றாடச் சுமையின் பெரும்பகுதியை அர்வித் யான்சன்ஸ் போன்ற துணை நடத்துநர்கள் சுமந்தார்கள். ஸ்டூடியோவுக்குள் நுழைந்து ஒலிப்பதிவு செய்வதை 1961உடன் நிறுத்திவிட்டார். அதன்பின் நமக்குக் கிடைப்பவை எல்லாம் நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளே. எழுபதுகளில் நாட்டைவிட்டு வெளியேறிய கலைஞர்களில் இந்தக் குழுவினரும் உண்டு. அவர்களுடைய இடத்தை நிரப்பி, அந்த ஒலியை மறுபடி உருவாக்குவது மூப்படைந்த ஒருவருக்கு எளிதாக இருந்திருக்காது.

ஆனால் முதுமைக் காலத்துப் படக்காட்சிகளைப் பாருங்கள். உயரமான நாற்காலியில் மூக்குக்கண்ணாடியோடு அமர்ந்திருக்கிறார், கையில் கோல் இல்லை, ஸ்கோர் திறந்திருக்கிறது. ஒரு விரல் லேசாக உயர்கிறது, ட்ரம்போன்கள் முழங்குகின்றன. பார்வையைச் சற்றே திருப்புகிறார், செல்லோக்கள் அடங்குகின்றன. சைகைகள் இவ்வளவு சுருங்கியது எதையும் மேடையில் தீர்மானிக்க வேண்டிய அவசியம் இல்லாததால்தான். எல்லாம் ஒத்திகையிலேயே முடிந்துவிட்டிருக்கிறது. நெவாக்கரை ஐயா முதல் பதிவில் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கடைசியாக அவர் மேடையேறியது 1987 மார்ச் 6 அன்று. ஷூபர்ட்டின் முற்றுப்பெறாத சிம்பொனியும் பிராம்ஸின் நான்காவதும். அவருக்குப் பின் 1988இல் யூரி தெமிர்கானோவ் பொறுப்பேற்றார்.

கரிசல் வாசகன்

எவ்வளவோ தெரிந்துகொண்டேன், எல்லோருக்கும் நன்றி. என்னைப் போன்ற புதியவர் எந்தப் பதிவிலிருந்து தொடங்குவது? இணையத்தில் ஒரே சிம்பொனிக்கு அவர் பெயரில் பத்துப் பதிவுகள் வருகின்றன, எதை எடுப்பது என்றே தெரியவில்லை.

இரண்டாம் வயலின்

தம்பி, சைகோவ்ஸ்கியில் தொடங்குங்கள். நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று சிம்பொனிகளையும் 1960இல் ஐரோப்பியப் பயணத்தின்போது டாய்ச்சே கிராமஃபோன் நிறுவனத்துக்காக ஸ்டீரியோவில் பதிந்தார்கள். நான்காவது லண்டன் வெம்ப்ளி டவுன் ஹாலில், மற்ற இரண்டும் வியன்னா மியூசிக்வெரைன் அரங்கில். ஒலித்தரம் நன்றாக இருக்கும். புதியவருக்கு அது முக்கியம். ஐந்தாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் வரும் ஹார்ன் தனி வாசிப்பைக் கவனியுங்கள். மேற்கத்திய ஹார்ன் கலைஞர்கள் ஸ்வரத்தை அசைக்காமல் நேராக நிறுத்துவார்கள். லெனின்கிராட் கலைஞர் மனிதக் குரலைப் போல மெல்லிய அசைவோடு வாசிக்கிறார். நம் காதுக்கு அது உடனே நெருக்கமாகிவிடும்.

பழைய இசைத்தட்டு

ஷோஸ்தகோவிச்சின் எட்டாவதுக்கு ஓர் எச்சரிக்கை. 1982 லெனின்கிராட் நிகழ்ச்சியை ஃபிலிப்ஸ் நிறுவனம் குறுந்தகடாக வெளியிட்டது. இசை வாசிப்பில் அதற்கு இணையே கிடையாது. ஆனால் நாடாவின் வேகம் சரியாக அமையாததால் அந்த வெளியீட்டில் சுருதி ஏறிவிட்டது, வேகமும் கூடிவிட்டது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அந்தச் சிம்பொனி சி மேஜரில், மிக மெல்லிய ஒலியில் முடிகிறது. சுருதிப்பெட்டியை ஒரு கட்டைக்கு வைத்துக்கொண்டு கடைசி நிமிடத்தைக் கேட்டால், இரண்டும் சேராமல் உரசுவது தெளிவாகத் தெரியும். அந்தக் குழு வழக்கமாகச் சற்று ஏற்றியே சுருதி சேர்த்திருந்தாலும் இவ்வளவு வித்தியாசம் வராது. பிற்பாடு வேறு நிறுவனங்கள் சுருதியைத் திருத்தி அதே நிகழ்ச்சியை வெளியிட்டிருக்கின்றன. அதையே தேடி வாங்குங்கள். 1960 லண்டன் நிகழ்ச்சியின் பதிவும் கிடைக்கிறது. ஒலி மங்கலானாலும் வாசிப்பில் நெருப்பு அதிகம்.

நெவாக்கரை

இருவரும் சொன்ன வரிசையே சரியான வரிசை. அவற்றோடு ஷோஸ்தகோவிச்சின் ஐந்தாம் சிம்பொனியின் 1978 வியன்னா நிகழ்ச்சிப் பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. மேலே விவாதித்த முடிவை பெர்ன்ஸ்டைனின் 1959 பதிவோடு அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, உங்களுக்கு எது உண்மையாகப் பட்டது என்று இங்கேயே எழுதுங்கள். 1965 மாஸ்கோ நிகழ்ச்சிகளில் உள்ள ஹோனெக்கரின் மூன்றாம் சிம்பொனியைப் பற்றி மழைக்காலம் அம்மா தனியே எழுதுவதாக இருந்தால், அதையும் இந்த இழையிலேயே தொடரலாம்.